இரண்டு வாளித் தண்ணீர்

ஜூலை 15, திங்கள்

பள்ளிக்கூட மோட்டார் எரிந்து இன்று மூன்றாவது நாள். ஆய்வகக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. நாளை ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்குச் செய்முறை இருக்கிறதே என்று சூசைராஜிடம் கேட்டேன். "மோட்டாரும் நம்ம எச்.எம்.மும் ஒண்ணுதான் சார். சத்தம் வரும், தண்ணி வராது. நான் கைப்பம்புல அடிச்சுக் கொண்டாந்திருதேன்" என்றார். பதினேழு வருடமாக ஆய்வக உதவியாளர். நிர்வாகம் போட்ட ஆள் என்பதால் இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

மூன்றாம் பாடவேளையில் அமிலம், காரம், உப்பு பாடத்தை முடித்தேன். பாட்டையும் சொல்லிக்கொடுத்தாயிற்று. நான் முதல் வரியை எடுத்தால் போதும், முப்பத்தெட்டு பிள்ளைகளும் மீதியைப் பாடிவிடுகிறார்கள்.

அமிலம் பட்டால் காரம் விடு,
காரம் பட்டால் அமிலம் விடு,
ரெண்டும் சேர்ந்தால் பயமே இல்லை,
உப்பும் நீரும் மட்டும் மிச்சம்.

நீரில் கரையும் காரத்துக்குப் பாடப்புத்தகத்தில் எரிகாரம் என்று பெயர். பாட்டில் அது இடித்தது. காரம் என்றே வைத்துக்கொண்டேன். பத்தொன்பது வருடமாக நடுநிலையாக்கல் கேள்வியில் என் பிள்ளைகள் மதிப்பெண்ணை விட்டதில்லை.

கேஸ் சிலிண்டருக்குப் பதிந்தேன். வீட்டில் மனைவி கோமதிக்கு முழங்கால் வலி குறையவில்லை.

ஜூலை 16, செவ்வாய். காலை 9.50

இந்தப் பாடவேளை ஓய்வு. ஆய்வகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். சூசைராஜ் இரண்டு வாளித் தண்ணீர் கொண்டுவந்து கதவுக்கு உள்பக்கம் வைத்திருக்கிறார். இரண்டும் நிரம்ப இருக்கின்றன. ஒன்றில் சிவப்புப் பிளாஸ்டிக் குவளை மிதக்கிறது. "போதுமா சார்? இல்ல பிள்ளைய குளிக்கவும் செய்யுமா?" என்று தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே கேட்டார். சீசாக்களுக்குப் புதுச் சீட்டு ஒட்டியிருக்கிறார். எழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.

மாலை

11.25-க்கு ஒரு விபத்து. இசக்கிப்பிரியாவின் இடது கண்ணில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் தெறித்தது. துத்தநாகத் துண்டு போட்ட சோதனைக்குழாயைக் குனிந்து பார்த்திருக்கிறாள். நான் அப்போது கடைசி மேஜையில் இன்னொரு குழுவுக்கு லிட்மஸ் தாள் கொடுத்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பி, அவளிடம் போய்ச் சேர அரை நிமிடம் ஆகியிருக்கும். போனபோது அவள் அலமாரிப் பக்கம் நின்றிருந்தாள். முகமும் சீருடையின் கழுத்தும் நனைந்திருந்தன. பக்கத்தில் ஒரு சீசா திறந்து கிடந்தது. மூடி, இருந்த இடத்தில் வைத்தேன்.

சூசைராஜ் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரி. சின்ன வயது டாக்டரம்மா. கண்ணைப் பத்து நிமிடம் கழுவினார்கள். சொட்டு மருந்து, கட்டு. டாக்டரம்மா கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். நீர்த்த அமிலம்தான், பெரிதாக ஒன்றும் ஆகாது, நாளை வரட்டும் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அவள் அம்மா வேலம்மா பீடி சுற்றுபவர். அப்பா பம்பாயில் ஓட்டல் வேலை. பீடி இலைத்தட்டைக் கையோடு எடுத்துக்கொண்டே வேலம்மா ஓடிவந்திருந்தார்.

ஜூலை 17, புதன்

பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டுத் திருநெல்வேலி கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நேற்று மாலை நான்கு மணிக்கே வலி தாங்காமல் கதறியிருக்கிறாள். வேலம்மா பஸ்ஸில் கூட்டிவந்து சேர்த்திருக்கிறார்.

வராந்தாவில் உட்கார்ந்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வந்ததும் ஒரு சின்னத் தாளை எடுத்துக் கண்ணுக்குள்ள வச்சாவ சார். சிவப்புத் தாளு. வெளிய எடுத்தா நீலமா ஆயிட்டு. டாக்டரு இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டுதாவ. இவ இன்னொரு கண்ணால அதைப் பாத்தா. பாத்துட்டு, 'நீலம், அம்மா, நீலம்'னு அழ ஆரம்பிச்சா. அதுவரைக்கும் வலிக்குத்தான் அழுதா. அது வேற அழுகை. நீலம்னா நல்லதா சார், கெட்டதா?"

நான் டாக்டரைப் பார்த்துப் பேசுகிறேன் என்றேன்.

"அதுக்குப் பொறவு ரெண்டு மணி நேரம் தண்ணி விட்டுக் கழுவுனாவ. 'ஆசிட்டுன்னு சொல்லிட்டாங்களே, இது காரம்மா, காலையிலயே இப்படிக் கழுவியிருக்கணும்'னு அந்த டாக்டரு சத்தம் போட்டாரு. பள்ளிக்கூடத்துல மொளகாப் பொடி எப்படி சார் வரும்? எவளாவது விளையாட்டுக்குத் தூவிட்டாளா?"

காரம் என்றால் மிளகாய்ப் பொடி இல்லை என்று சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. விசாரிக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கீழே வந்து டீ குடித்தேன். மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

ஜூலை 18, வியாழன்

தலைமையாசிரியர் ஆவுடைநாயகம் கூப்பிட்டார். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் இருந்து விளக்கம் கேட்பார்கள், அதற்கு முன்னால் நாமே எழுதி அனுப்பிவிட வேண்டும் என்றார். எழுதியே வைத்திருந்தார்.

"தாணு சார், மோட்டார் ரிப்பேர்னு போட்டா நிர்வாகத்துக்குச் சிக்கல். மேற்பார்வை இல்லன்னு போட்டா உங்களுக்குச் சிக்கல். உதவியாளர் தண்ணி எடுத்து வைக்கல, அதனால கண்ணைக் கழுவ முடியல. இதுல யாருக்கும் சிக்கல் இல்ல."

சூசைராஜுக்கு, என்றேன்.

"அவரு ரெகுலரா? தற்காலிகம்தான. பாத்துக்கிடலாம்."

படித்துப் பார்த்தேன். வாக்கியங்களில் பிழை இல்லை. கையெழுத்துக்கு என் பேனா எழுதவில்லை. அவருடையதைக் கொடுத்தார்.

ஜூலை 22, திங்கள்

9-ஆ அறிவியல் நோட்டுகளைத் திருத்த வாங்கினேன். இசக்கிப்பிரியாவின் பை ஆய்வகத்திலேயே கிடந்தது. அவள் நோட்டையும் எடுத்துக்கொண்டேன். அழகான கையெழுத்து. பாட்டை நடுப்பக்கத்தில் எழுதி, பச்சை மையால் கட்டம் கட்டி, கீழே 'தாணு சார் பாட்டு' என்று போட்டிருக்கிறாள். அந்தத் தாள் கொஞ்சம் தளர்ந்திருந்தது. தொலைந்துவிடக் கூடாதென்று எடுத்து வைத்திருக்கிறேன்.

ஜூலை 24, புதன்

சூசைராஜை நாளை முதல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மதியம் ஆசிரியர் அறை வாசலில் நின்றார். உள்ளே வா என்றாலும் வரமாட்டார்.

"சார், நீங்க பாத்தியளே. ரெண்டு வாளி."

எச்.எம்.மிடம் பேசுகிறேன் என்றேன்.

"பேசுங்க சார். நான் வேலைக்காகச் சொல்லல. அந்தப் பிள்ளைக்குத் தண்ணி வைக்காதவன்னு ஊருக்குள்ள சொல்லுதாவ. சர்ச்சுல என் பக்கத்துல உக்காந்திருந்தவன் எந்திரிச்சுப் போறான்."

ஆய்வகச் சாவிகளை எண்ணி என் கையில் கொடுத்தார். ஏழு. எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று தனியாக ஒரு சீட்டும் எழுதியிருந்தார்.

ஜூலை 25, வியாழன்

எச்.எம். ஊரில் இல்லை.

ஜூலை 29, திங்கள்

மோட்டார் சரியாகிவிட்டது. புதிது போட்டிருக்கிறார்கள். குழாயில் வரும் வேகத்துக்குத் தண்ணீர் சட்டையெல்லாம் தெறிக்கிறது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

இசக்கிப்பிரியாவை நேற்று வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மாலை போனேன். ஆப்பிள் வாங்கிப் போனேன். இடது கண்ணில் கட்டு இல்லை. கருவிழி முழுக்க வெந்த முட்டை நிறத்தில் இருக்கிறது. வெளிச்சம் இருக்கிறது, இல்லை என்பது மட்டும் தெரிகிறதாம். கருவிழி மாற்றினாலும் பிடிக்குமா என்று சொல்ல முடியாது என்கிறார்கள்.

வேலம்மா பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சண்டை போட்டிருக்கிறார். அதே வகுப்பு, செய்முறையில் அதே மேஜை. அவள்தான் மிளகாய்ப் பொடி தூவியவள் என்று.

"ஏட்டி, சார்ட்ட சொல்லு, அவதான?" என்றார்.

"அம்மா, அந்தக் காரம் இல்லம்மா. எத்தன தடவ சொல்லுதேன். இது வேற காரம்" என்றாள் இசக்கிப்பிரியா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் விளக்குவேன் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

படி இறங்கும்போது கேட்டாள். "சார், என் அறிவியல் நோட்டு உங்ககிட்ட இருக்கா? காலாண்டுக்குப் படிக்கணும்."

தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 14, புதன்

மாவட்டக் கல்வி அலுவலகத்தில் விசாரணை. அதிகாரி வயதில் இளையவர். மரியாதையானவர். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். சூசைராஜ் நின்றுகொண்டே பதில் சொன்னார். தண்ணீர் வைத்ததற்குச் சாட்சி உண்டா என்று கேட்டதற்கு, "சாருக்குத் தெரியும்" என்றார். அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

நான் பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டிருந்தேன், வாளியைக் கவனிக்கவில்லை என்றேன்.

"வேற ஏதாவது சொல்ல வேண்டியிருக்கா சார்?"

இல்லை என்றேன். அந்த டாக்டரம்மாவும் இதே கேள்வியைத்தான் கேட்டார். வேற ஏதாவது கண்ணுல பட்டுச்சா சார் என்று. அவருக்கும் இதையே சொன்னேன்.

மாணவியின் வாக்குமூலம் என்று ஒரு தாள் கோப்பில் இருந்தது. வேலம்மாவின் கைநாட்டு வைத்தது. எழுத்து ஆவுடைநாயகத்துடையது.

ஆகஸ்ட் 23, வெள்ளி

ஜூலை 16 காலை எழுதியதை எடுத்துப் படித்தேன். இரண்டு வாளி, நிரம்ப, சிவப்புக் குவளை.

இது தையல் போட்ட நோட்டு. ஒரு தாளைக் கிழித்தால் அதன் ஜோடித் தாள் கையோடு வந்துவிடும். ஜோடித் தாளில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். கோமதியின் மருந்துப் பெயர்கள், தேர்வுத் தேதிகள். கிழிக்கவில்லை. மருந்துப் பெயர்களுக்காகத்தான்.

செப்டம்பர் 6, வெள்ளி

9-இ பிரிவுக்கு அமிலம், காரம் பாடம். பாட்டு வேண்டும் என்று கேட்டார்கள். அக்காமார் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களாம். நான் எடுப்பதற்கு முன்பே பாதி வகுப்பு பாடிவிட்டது. நிறுத்து என்று கத்தினேன். இத்தனை வருடத்தில் வகுப்பில் நான் கத்தியதில்லை. ஒருத்தி பயந்து அழுதுவிட்டாள்.

செப்டம்பர் 20, வெள்ளி

காலாண்டு அறிவியல் தேர்வு. இசக்கிப்பிரியா வந்து எழுதினாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். கூடுதல் நேரம் கொடுக்கலாம் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள்.

மாலையில் கட்டைப் பிரித்து அவள் தாளை முதலில் எடுத்தேன். வரிகள் கோட்டை விட்டு இறங்கி இறங்கிப் போகின்றன. ஒற்றைக் கண்ணுக்குக் கோடு எங்கே இருக்கிறது என்று பிடிபடவில்லை போலிருக்கிறது. இருபத்தேழாவது கேள்வி: நடுநிலையாக்கல் வினையை எடுத்துக்காட்டுடன் விளக்குக. மதிப்பெண் 4.

அமிலம் + எரிகாரம் → உப்பு + நீர் + வெப்பம்

என்று எழுதியிருந்தாள். எரிகாரம் என்பதில் 'எரி'யின் கீழ் ஒரு கோடு. வெப்பம் என்பதன் கீழ் இரண்டு. இரண்டையும் நான் வகுப்பில் சொல்லவில்லை. பாடப்புத்தகத்தைத் தேடிப் படித்திருக்கிறாள்.

நான்கு போட்டேன். மற்ற தாள்களைத் திருத்த முடியவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

நோட்டையும் அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வேலம்மா சுற்றிய பீடியைச் சங்கத்தில் கொடுக்கப் போயிருந்தார். இசக்கிப்பிரியா வாசலிலேயே நாற்காலி போட்டாள். நோட்டை வாங்கி நடுப்பக்கத்தைத்தான் முதலில் திறந்தாள். கிழிந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். தாளை நீட்டினேன். வாங்கிப் பொருத்திப் பார்த்தாள்.

எதற்காக அந்தச் சீசாவை எடுத்தாய் என்று நான்தான் கேட்டேன். தெரிந்த பதில்தான். இருந்தாலும் யாரும் அவளிடம் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அமிலம் பட்டா காரம் விடுன்னுதான சார்."

தண்ணீர் இருந்ததே, என்றேன்.

"ஆமா சார். வாளியைத் தாண்டித்தான் போனேன். கால்ல இடிச்சுத் தண்ணி கூட சிந்திச்சு."

பிறகு, வகுப்பில் சந்தேகம் கேட்கும் குரலில் சொன்னாள்.

"பாட்டுல தண்ணி கடைசிலதான சார் வரும்."

மேஜையில் சிந்தினால் செய்வதற்காகச் சொன்ன பாட்டு அது, உடம்புக்கு இல்லை, உடம்புக்கு முதலிலும் தண்ணீர், கடைசியிலும் தண்ணீர் என்று இரண்டு மாதம் கழித்து அவளுக்குப் பாடம் நடத்தினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். குறிப்பெடுக்கப் பேனா தேடினாள்.

"ஆஸ்பத்திரில நீலம் வந்ததுமே எனக்குப் புரிஞ்சுட்டு சார். ஆனா நான் யார்கிட்டயும் பாட்டைச் சொல்லல. நீங்களே சொல்லுவியன்னு நெனச்சேன்."

ஆப்பிள் எதுவும் வாங்கிப் போகவில்லை. அது ஒன்றுதான் இன்று நான் சரியாகச் செய்தது.

செப்டம்பர் 23, திங்கள்

சூசைராஜ் வாழைக்காய் மண்டியில் லாரிக்குத் தார் ஏற்றுகிறார். சட்டையில் வாழைக்கறை. என்னைப் பார்த்ததும் தோளில் இருந்த தாரை இறக்கிவிட்டு, பழக்கத்தில், "வாங்க சார்" என்றார்.

நாளை கல்வி அலுவலகத்துக்குப் போகிறேன், நடந்ததை எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றேன்.

"எதை சார்?"

இரண்டு வாளியை, என்றேன். சீசாவையும். பாட்டையும்.

கையில் இருந்த வாழைப்பாலைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார். அது போகாது.

"அன்னிக்கே டாக்டரம்மாகிட்ட சொல்லியிருந்தா அந்தக் கண்ணு பிழைச்சிருக்குமா சார்?"

பிழைத்திருக்கலாம் என்றேன்.

"அப்ப என் வேலை பெரிசில்ல சார்" என்று சொல்லிவிட்டுத் தாரைத் தூக்கிக்கொண்டு போனார். முதலாளி சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 24, செவ்வாய். காலை

இன்று முதல் காலாண்டு விடுமுறை. கோமதியிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். "பென்ஷன் போயிருமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?" என்றாள். பதினான்கு.

திருத்தங்கள் சில. ஜூலை 16 அன்று திறந்து கிடந்த சீசா சோடியம் ஹைட்ராக்சைடு. சீட்டில் 'எரிகாரம்' என்றுதான் சூசைராஜ் எழுதியிருந்தார். பாதிக்குமேல் காலியாக இருந்தது. அதை மூடும்போதே எனக்குத் தெரியும். ஆட்டோவில் போகும்போது தெரியும். டாக்டரம்மா கேட்டபோதும் தெரியும். ஜூலை 22 அன்று அந்தத் தாள் தளர்ந்திருக்கவில்லை. ஜூலை 25 அன்று எச்.எம். ஊரில்தான் இருந்தார். ஆகஸ்ட் 14 அன்று வாளியைக் கவனிக்கவில்லை என்று சொன்னேன். கவனித்தேன் என்பது இதே நோட்டில் இருக்கிறது.

அதிகாரி சாட்சி உண்டா என்று கேட்டார். உண்டு. நடப்பதற்கு ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் எழுதியது, நேரம் போட்டு. அந்தப் பக்கத்தை மட்டும் பிரித்துக் கொடுக்க முடியாது. ஜோடித் தாள் வந்துவிடும். நோட்டை முழுசாகவே கொடுக்கப் போகிறேன்.

மருந்துப் பெயர்களைத் தனியாக ஒரு சீட்டில் எழுதிக் கோமதியிடம் கொடுத்தாயிற்று. 9.10 பஸ்.